இரட்டை ஜிபியு கார்டு: அட்டவணையைப் படிப்பது முதல் கேபினட்டில் மாட்டுவது வரை

"24 ஜிபி, 4,992 கோர்" என்று செகண்ட் ஹேண்ட் விளம்பரத்தில் பார்த்ததும் கை பரபரக்கும். கே.புதூர் சிட்கோ பக்கம் டிசைன் ஆபீஸ் வைத்திருப்பவர், கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர், இன்ஜினியரிங் கல்லூரி ஆய்வகம் என்று எல்லோருக்கும் இந்த ஆசை வரும். சர்வர்களிலிருந்து கழற்றப்பட்டு வருகிற என்விடியா டெஸ்லா கே80, ஏஎம்டியின் ஃபயர்ப்ரோ எஸ்10000, ரேடியான் ப்ரோ டுவோ ஆகியவை ஒரே பலகையில் இரண்டு ஜிபியு (படம் வரைந்து, கணக்குப் போடும் சில்லு) வைத்துச் செய்த கார்டுகள். ஜிபியுவுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகளைத்தான் கோர் என்கிறார்கள். விலை குறைவுதான். ஆனால் அட்டவணையில் போட்டிருக்கும் எண்களை அப்படியே நம்பி வாங்கினால், மாட்டின அன்றே மனசு உடையும்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது, வாங்கும்போது சோதிக்க வேண்டியது, மதுரை வெயிலிலும் மதுரை கரண்டிலும் ஓட வைக்கச் செய்ய வேண்டியது, மூன்றும் கீழே இருக்கின்றன. பெரும்பகுதி கே80 பற்றியே இருக்கும். கையில் அதிகம் வருவதும், அதிகம் தொல்லை தருவதும் அதுதான்.

எல்லா எண்ணையும் இரண்டால் வகுங்கள்

இரட்டை ஜிபியு கார்டு என்பது ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிவது மாதிரி. சமையல் இரண்டு மடங்கு நடக்கலாம். ஆனால் பாத்திரம் ஒவ்வொரு அடுப்புக்கும் தனி. கம்பெனிகள் அட்டவணை போடும்போது இரண்டையும் கூட்டிப் போடுவார்கள். வாங்குகிறவர் அதைத் திரும்பப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கே80 வந்தது 2014 நவம்பரில். ஜிகே210 என்ற சில்லு இரண்டு. ஒவ்வொன்றிலும் 2,496 கோர், 12 ஜிபி ஜிடிடிஆர்5 நினைவகம், விநாடிக்கு 240 ஜிபி அலைவரிசை. ஒற்றைத் துல்லியக் கணக்கில் (32 பிட் எண்கள்) மொத்தம் 5.6 டெராஃப்ளாப்ஸ், அதாவது விநாடிக்கு 5.6 லட்சம் கோடி கணக்கு; பூஸ்ட், அதாவது தானாக ஏறும் கூடுதல் வேகம், முழுதாக 875 மெகாஹெர்ட்ஸ் எட்டினால் 8.73. பூஸ்ட் எட்டுமா என்பது குளிர்ச்சியைப் பொறுத்தது என்பதால், மதுரையில் சின்ன எண்ணையே கணக்கில் வையுங்கள்.

எஸ்10000 அதற்கு 2 வருடம் மூத்தது, 2012 நவம்பர். 1,792 ஸ்ட்ரீம் ப்ராசஸர் கொண்ட டஹிட்டி சில்லு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 3 ஜிபி. மொத்தம் 5.91 டெராஃப்ளாப்ஸ். பின்னால் 12 ஜிபி வகையும் வந்தது. அதில் ஆளுக்கு 6.

ரேடியான் ப்ரோ டுவோ என்ற பெயரில் இரண்டு வேறு கார்டுகள் உண்டு, இங்கே பலர் ஏமாறுகிறார்கள். 2016-இல் வந்தது ஃபிஜி சில்லு, தண்ணீர்க் குளிர்ச்சி, ஆளுக்கு 4 ஜிபி ஹெச்பிஎம் வகை நினைவகம். 2017-இல் வந்தது போலாரிஸ் சில்லு, காற்றுக் குளிர்ச்சி, ஆளுக்கு 16 ஜிபி ஜிடிடிஆர்5, மொத்தம் 11.45 டெராஃப்ளாப்ஸ். பெயரை மட்டும் கேட்டு விலை பேசாதீர்கள்; எத்தனை ஜிபி, ரேடியேட்டர் ட்யூப் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கோரையும் டெராஃப்ளாப்ஸையும் கூட்டுவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. நினைவகத்தைக் கூட்டுவதில் நியாயமே இல்லை. ரெண்டரிங் (முப்பரிமாண மாடலிலிருந்து படம் உருவாக்குவது) செய்யும்போது ஒரே காட்சி முழுவதும் இரண்டு ஜிபியுவின் நினைவகத்திலும் தனித்தனியாக ஏற்றப்படும். திருமலை நாயக்கர் மகாலின் தூண்களையும் சுதை வேலைகளையும் போட்டோவிலிருந்து முப்பரிமாணமாக எடுத்து, காட்சி 18 ஜிபிக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். 24 ஜிபி என்று விற்கப்பட்ட கே80-இல் அது ஏறாது. 12-க்குள் அடங்கினால்தான் ஏறும். அதிலும் ஈசிசி என்ற பிழைதிருத்தம் இயங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு ஜிபியுவும் 11,441 எம்பி என்றுதான் காட்டும். குறைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்த இடம் திருத்தக் குறியீடுகளுக்குப் போகிறது.

கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையும் பொது. கே80-இன் பலகையிலேயே ஒரு சுவிட்ச் சில்லு உட்கார்ந்து, அந்தப் பாதையின் 16 லேனை (தடத்தை) இரண்டு ஜிபியுவுக்கும் பங்கு போடுகிறது. மதர்போர்டின் இரண்டாவது நீள ஸ்லாட்டில் மாட்டினால் பல போர்டுகளில் உள்ளே 4 லேன்தான் இருக்கும். அந்த 4-ஐ இருவரும் பிய்த்துக்கொள்வார்கள். போர்டின் கையேட்டில் அந்த ஸ்லாட்டுக்கு எத்தனை லேன் என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

உங்கள் மென்பொருளுக்கு இரண்டு வேண்டுமா

ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றில் திரையில் மாடலைச் சுழற்றும் வேலையை ஒரு ஜிபியுதான் செய்யும். மற்றது சும்மா சூடாகிக்கொண்டிருக்கும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு விண்டோஸில் ஒரு ஜிபியுவை மட்டும் எடுக்கும். இரண்டையும் எடுக்கக் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பு வேண்டும். கார்டில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும்.

பிளெண்டர் இரண்டையும் நன்றாகவே பயன்படுத்தும், ஆனால் பதிப்பைப் பாருங்கள். 2021 டிசம்பரில் வந்த 3.0 பதிப்போடு, ஏஎம்டி கார்டுகளை ஓட்டிவந்த ஓபன்சிஎல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே போலாரிஸ் டுவோவுக்கு 2.93-ஓடு வண்டி நின்றுவிடும். கே80-இன் கெப்ளர் தலைமுறையையும் இன்றைய பிளெண்டர் ஏற்பதில்லை. என்விடியா ஜிபியுவில் கணக்குப் போட உதவும் குடா மென்பொருள் பக்கமும் அப்படியே: 11.8 வரைதான் கே80-க்கு இடம், 12-இல் கெப்ளர் நீக்கப்பட்டது. டிரைவரில் 470 வரிசையே கடைசி. அந்த 470-க்கு ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கார்டுகளைத் தெரியாது. எனவே கே80-யும் ஒரு 4060-உம் ஒரே மெஷினில் போட்டு இரண்டையும் ஓட்டலாம் என்ற திட்டம் பலிக்காது.

அப்படியானால் யார்தான் வாங்கலாம்? இரட்டைத் துல்லியக் கணக்கு (64 பிட் எண்கள்) செய்பவர்கள். கட்டட அழுத்தம், திரவ ஓட்டம் போன்ற பொறியியல் கணக்குகளுக்கு கே80 அந்த வகையில் 1.87 முதல் 2.91 டெராஃப்ளாப்ஸ் வரை தரும். ஆர்டிஎக்ஸ் 3060, ஒற்றைத் துல்லியத்தில் 12.7 டெராஃப்ளாப்ஸ் கொடுத்து கே80-ஐ ஓரங்கட்டும். இரட்டைத் துல்லியத்தில் அதன் 64-இல் ஒரு பங்குதான், சுமார் 0.2. கல்லூரி ஆய்வகத்தில் அந்த மாதிரி நிரல் ஓட்டுகிறவர்களுக்குப் பழைய கே80 இன்னும் உழைக்கும். கல்யாண வீடியோவுக்கும் வீட்டு எலிவேஷன் ரெண்டருக்கும் 170 வாட்டில் ஓடும் ஒற்றைச் சில்லு 3060 12 ஜிபியே போதும், தலைவலியும் இல்லை.

கையில் வாங்குமுன்

ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். லினக்ஸ் டெர்மினலில், ஜிபியு நிலவரம் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை கொடுத்தால் கே80 இரண்டு வரியாகத் தெரிய வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் 149 வாட் வரம்பு காட்டும். ஒரு வரிதான் வருகிறது என்றால் பாதி கார்டு செத்திருக்கலாம், அல்லது மதர்போர்டு இடம் ஒதுக்கவில்லை. எது என்று அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதே கட்டளையின் விரிவான அறிக்கையில் ஈசிசி பிழைகளையும், ஒதுக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். கெட்டுப்போன நினைவகப் பக்கங்களை கார்டே ஓரங்கட்டி வைக்கும்; அதற்கு உச்சவரம்பு 64. ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. 40, 50 என்று இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கண்ணால் பார்ப்பதும் முக்கியம். பவர் சாக்கெட்டில் பிளாஸ்டிக் உருகின அடையாளம், கறுப்பு, வளைந்த பின் இருந்தால் யாரோ தவறான கேபிள் மாட்டியிருக்கிறார்கள். சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கின் ஸ்க்ரூத் தலைகள் தேய்ந்திருந்தால் உள்ளே கை வைத்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் சில்லுகளுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் சரியாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டியிருக்கும். பேட் மாற்றினால் பழையதன் தடிமனை, அமுங்காத ஓரத்தில், காலிப்பர் வைத்து அளந்து அதே அளவு வாங்குங்கள். தடிமன் கூடினால் சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இடைவெளி விழும். குறைந்தால் நினைவகச் சில்லு வெந்துபோகும்.

கரண்ட்: கார்டு சாவது பெரும்பாலும் இங்கேதான்

கே80-இன் 8 பின் சாக்கெட், கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் இல்லை. ப்ராசஸருக்கு மதர்போர்டில் மாட்டுவோமே, அந்த இபிஎஸ் வகை. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். இபிஎஸ் பிளக்கில் மஞ்சள் வயர் நான்கும் கொக்கி இருக்கும் பக்கம், கறுப்பு நான்கும் மறுபக்கம். கிராபிக்ஸ் கார்டு பிளக்கில் நேர் எதிர்: மஞ்சள் மூன்றும் கொக்கிக்கு மறுபக்கம். பின்களின் வடிவம் வேறாக இருப்பதால் தானாக உள்ளே போகாது, அழுத்தினால் போகும். போனால் 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் எர்த் போய் ஷார்ட் ஆகும். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நல்லதாக இருந்தால் உடனே அணைந்துவிடும், மலிவானது என்றால் புகை வரும்.

சரியான வழி இரண்டு. 750 வாட்டுக்கு மேற்பட்ட பல எஸ்எம்பிஎஸ்-களில் இரண்டு இபிஎஸ் கேபிள் வரும். ஒன்று மதர்போர்டுக்கு, இன்னொன்றை நேராகக் கார்டுக்கு. அது இல்லாவிட்டால், இரண்டு 8 பின் கிராபிக்ஸ் பிளக்கை ஒரு இபிஎஸ் ஆக்கும் கன்வெர்ட்டர் வயர். அதற்கு எஸ்எம்பிஎஸ்-இலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் எடுங்கள். ஒரே கேபிளில் தொங்கும் இரட்டைப் பிளக்கை மாட்டினால் வயர் கொதிக்கும். கன்வெர்ட்டரைக் கார்டில் சொருகும் முன் மல்டிமீட்டரில் பாருங்கள்: கொக்கிப் பக்கம் நாலிலும் 12 வோல்ட் வர வேண்டும். ஐந்து நிமிட வேலை, கார்டின் உயிர் அதில் இருக்கிறது.

ஏஎம்டி கார்டுகளில் சாதாரண கிராபிக்ஸ் பிளக்தான். கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்: ஸ்லாட் 75 வாட், 6 பின் 75, 8 பின் 150. போலாரிஸ் டுவோவுக்கு ஒரு 6, ஒரு 8. ஆக 300 வரை வரும், கார்டு கேட்பது 250. கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு. எஸ்10000 கேட்பது 375, இரண்டு 8 பின்னும் ஸ்லாட்டும் சேர்ந்தால் தருவதும் சரியாக 375. கையிருப்பே இல்லை. அந்தக் கார்டுக்குப் பழைய எஸ்எம்பிஎஸ், கன்வெர்ட்டர் வயர் எதுவும் ஆகாது.

எஸ்எம்பிஎஸ் லேபிளில் மொத்த வாட்டைப் பார்க்காமல் 12 வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கே80-க்கு மட்டும் 25 ஆம்பியர், எஸ்10000-க்கு 31-க்கு மேல். ப்ராசஸருக்கு இன்னும் 10 சேருங்கள்.

யுபிஎஸ் கணக்கு: கார்டு 300, ப்ராசஸர் 120, மீதி 60, ஆக 480 வாட். எஸ்எம்பிஎஸ் இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து சுமார் 550 வாட் இழுக்கும். கடையில் முதலில் எடுத்து நீட்டும் 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட் அளவே. கரண்ட் போன அடுத்த நொடி பீப் அடித்து அதுவும் போய்விடும். 1 கேவிஏ பெரும்பாலும் 600 வாட், மயிரிழையில் தப்பும். 1.5 கேவிஏவுக்குக் கீழே போகாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் சைன் வேவ் வகையா என்று பார்க்க வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பைச் சீராக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்-உம் ஒத்துப்போகாது.

சாயங்காலம் லோ வோல்டேஜ் வரும் தெருவில் இருக்கிறீர்கள் என்றால் லேபிளில் 100–240 என்று போட்ட எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். 200–240 என்று போட்டது, வோல்டேஜ் 180-க்கு இறங்கும்போது ரெண்டரோடு சேர்ந்து விழும். எர்த்தையும் சோதியுங்கள்: நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டைத் தாண்டினால், கார்டுக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

காற்று

கே80-இல் ஃபேன் கிடையாது. சர்வர் பெட்டியின் முன்பக்க ஃபேன்கள் வேகமாகத் தள்ளும் காற்று கார்டின் நீளவாட்டில் ஊடுருவிப் போகும் என்ற நம்பிக்கையில் செய்த ஹீட்சிங்க் அது. சாதாரண கேபினட்டில் வைத்தால், பக்கத்தில் எத்தனை ஃபேன் சுற்றினாலும் காற்று ஹீட்சிங்குக்குள் நுழையாது. சும்மா இருக்கும்போதே சூடேறி, வேலை கொடுத்த சில நிமிடங்களில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேபினட் கதவைத் திறந்து வைத்து டேபிள் ஃபேன் காட்டுவது எல்லோரும் செய்து பார்க்கிற வித்தை, பலனில்லை.

தேவை, நத்தைக்கூடு வடிவ ப்ளோவர் ஒன்று, அதைக் கார்டின் வால் முனையோடு இணைக்க ஒரு முகமூடி. முகமூடியை 3டி பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி அருகிலேயே இளகும், ஆகவே ஏபிஎஸ் அல்லது பெட்ஜி கேளுங்கள். இணைப்பு ஓரம் முழுக்க ஃபோம் டேப் ஒட்டுங்கள். சின்னப் பிளவு இருந்தாலும் காற்று அந்த வழியே நழுவும், ஹீட்சிங்க் தடுப்பதால். கார்டு 267 மிமீ, ப்ளோவரும் முகமூடியும் சேர்த்தால் 370-ஐத் தாண்டும். கேபினட் வாங்கும் முன் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

ப்ளோவரை மதர்போர்டு ஃபேன் பின்னில் மாட்டாதீர்கள். அந்தப் பின் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும். சர்வர் ப்ளோவர்கள் 2, 3 ஆம்பியர் இழுக்கும். எஸ்எம்பிஎஸ்-இன் மோலெக்ஸிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். சத்தம் மிக்ஸி மாதிரி இருக்கும், அதனால் மெஷினைப் பக்கத்து அறையில் வைத்து நெட்வொர்க்கில் இயக்குவதே நல்லது.

இரண்டு சில்லும் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால், முதல் சில்லைத் தொட்ட காற்று சூடாகித்தான் அடுத்ததைத் தொடும். ஆகவே ஒன்று எப்போதும் சில டிகிரி கூடுதலாகக் காட்டும். சூடான ஜிபியு எதுவோ அதை வைத்தே முடிவெடுங்கள். முழுச் சுமையில் 80 டிகிரிக்குள் நிறுத்தப் பாருங்கள்.

சோதனையை மார்கழி ராத்திரியில் செய்து திருப்திப்பட வேண்டாம். அறை வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். 26 டிகிரி அறையில் 76 காட்டும் கார்டு, கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் 88-ஐத் தொடும். நடுமதியத்தில் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்ப்பதுதான் நிஜச் சோதனை. ஏசி போடுவது என்றால் பயப்பட வேண்டாம்: 500 வாட் மெஷின் தரும் வெப்பம் ஒரு டன் ஏசியின் திறனில் ஏழில் ஒரு பங்குதான். ஏசி இல்லாத அறையில், கோடையில் மட்டும் என்விடியா-எஸ்எம்ஐ வழியாக ஒவ்வொரு ஜிபியுவின் வரம்பையும் 149-இலிருந்து 120 வாட்டுக்கு இறக்குங்கள். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நன்றாகவே இறங்கும்.

தூசு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை ப்ளோயர் அடியுங்கள், அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தாத ஸ்லாட் ஓட்டைகளைப் பல்லி நுழையாதபடி மூடி வையுங்கள். எஸ்எம்பிஎஸ்-ஐ அதிகம் கொன்றது இந்த ஊரில் மின்னலா பல்லியா என்று கேட்டால், ரிப்பேர் கடைக்காரர்கள் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

மாட்டும் வரிசை

கார்டை மாட்டும் முன்பே பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) நுழைந்து 'அபவ் 4ஜி டீகோடிங்' என்பதை இயக்குங்கள். கே80-இன் ஒவ்வொரு ஜிபியுவும் 16 ஜிபி முகவரி இடம் கேட்கும். பழைய 4 ஜிபி எல்லைக்குள் அது அடங்காது. இந்தத் தேர்வே இல்லாத போர்டு என்றால் கே80 கனவை அங்கேயே விட்டுவிடுங்கள். அங்கேயே, பழைய பூட் முறையான சிஎஸ்எம்-ஐ அணைத்து, புதிய யுஇஎஃப்ஐ முறைக்கு வாருங்கள். முதல் டிஸ்ப்ளேவாக ப்ராசஸரின் உள் கிராபிக்ஸைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் கே80-இல் மானிட்டர் மாட்ட ஓட்டையே இல்லை. பெயரின் கடைசியில் எஃப் உள்ள இன்டெல் ப்ராசஸர்களிலும் பல ஜியான்களிலும் (இன்டெலின் சர்வர் ப்ராசஸர்கள்) உள் கிராபிக்ஸ் இல்லை; அப்போது சின்னக் கார்டு ஒன்று கூடவே வேண்டும், அதுவும் 470 டிரைவரில் ஓடும் வயதுடையதாக.

பிறகு மெயினை அணைத்து, பிளக்கை உருவி, கேபினட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுவிட்டு, ப்ராசஸருக்கு அருகிலுள்ள நீள ஸ்லாட்டில் கார்டைச் சொருகுங்கள். கார்டும் ப்ளோவரும் சேர்ந்து கனமாக இருக்கும். வால் முனைக்கு முட்டுக் கொடுக்காவிட்டால் ஸ்லாட் நாளடைவில் தளரும். பவர் கேபிள், ப்ளோவர் கேபிள், இரண்டையும் மாட்டி, ப்ளோவர் சுற்றுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே ஓஎஸ்-க்குள் போங்கள்.

தகராறுகள்

ஆன் செய்தால் திரை வராமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறதா? முகவரி இடம் ஒதுக்க முடியாமல் பயாஸ் தவிக்கிறது. பயாஸை அப்டேட் செய்யுங்கள், மற்ற கார்டுகளைக் கழற்றிப் பாருங்கள்.

விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் கோட் 12 என்று வந்தாலும் அதே காரணம்தான். டிரைவரை எத்தனை முறை திரும்பப் போட்டாலும் தீராது.

டிரைவர் சரியாக ஏறியும், கேம் அல்லது கேட் மென்பொருள் கார்டைக் காணவில்லை என்கிறதா? விண்டோஸில் டெஸ்லா டிசிசி முறையில் இயங்கும். அந்த முறையில் குடா கணக்கு மட்டும் நடக்கும், படம் வரையாது. அது கோளாறு இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டில் ஒன்று மறைந்து, லாகில் எக்ஸ்ஐடி 79 என்ற என்விடியா பிழை எண் பதிவாகியிருந்தால், கார்டு பிசிஐ பாதையிலிருந்து அறுந்துவிட்டது என்று பொருள். முதலில் வெப்பத்தையும் பவர் கேபிளையும் சந்தேகியுங்கள். வரம்பை 100 வாட்டுக்கு இறக்கி ஓட்டுங்கள்: அப்போது நிலையாக இருந்தால் எஸ்எம்பிஎஸ்-ஓ குளிர்ச்சியோ போதவில்லை, அப்போதும் மறைந்தால் ஸ்லாட்டை மாற்றி, கார்டின் தங்க விளிம்பை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, இன்னொரு மெஷினில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே ஜிபியுதான் விழுகிறது என்றால், மிச்சமிருக்கும் ஒற்றை ஜிபியுவை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டலாம். 12 ஜிபி ஒற்றைக் கார்டாக அது இன்னும் கொஞ்ச காலம் கணக்குப் போடும்.